மாட்டுப் பொங்கலன்று வராத ஃபைல்

கணவரின் ஊரில் யாராவது என் வேலை என்னவென்று கேட்டால், "பால் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். என் நாத்தனார் மட்டும் அதோடு விடமாட்டாள். ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டாள். விளக்கினேன். பல ஊர்களில் இருக்கும் சர்வர்களில் தினமும் ஏராளமான வேலைகள் தாமாக நடக்கின்றன. எது முதலில் நடக்க வேண்டும், எது அதற்குப் பின், முன்னது முடியாவிட்டால் பின்னது காத்திருக்க வேண்டுமா, எவ்வளவு நேரம் என்றெல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டு, அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு, ஷெட்யூலர் என்போம். அவள் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்ப நீங்க எந்த வேலையும் செய்யறதில்ல. எல்லாத்தையும் செய்ய வச்சுட்டு, செஞ்சாச்சான்னு பாக்குறீங்க. எங்க மாமியா மாதிரி" என்றாள். நான் சேர்ந்த பயிற்சி வகுப்பில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

எங்கள் தலைமை அலுவலகம் பெரம்பலூரில். அரியலூர், ஜெயங்கொண்டம், தா.பழூர் மூன்றிலும் பால் குளிரூட்டும் நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சர்வர். சுற்றுப்பட்ட கிராமங்களில் சின்னச் சின்ன சென்டர்கள்; பெரம்பலூர் பக்கத்துச் சென்டர்கள் அரியலூரோடு சேர்ந்தவை. காலையும் மாலையும் மாடு வைத்திருப்பவர்கள் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அளவும் கொழுப்பும் மெஷினில் பதிவாகி, ஒரு ஃபைலாக நிலையத்தின் சர்வருக்குப் போகும். அங்கிருந்து பெரம்பலூருக்கு வரும். அது வந்த பிறகுதான் மற்ற வேலைகள் வரிசையாகத் தொடங்கும். கடைசியில், மறுநாள் காலை எந்த வண்டி எந்தெந்த சென்டருக்குப் போக வேண்டும் என்று பட்டியல் தயாராகி டிரைவர்களின் போனுக்குச் செய்தி போகும்.

முன்பு ஒவ்வொரு சர்வரும் தன் கடிகாரத்தைப் பார்த்துத் தன் வேலையைத் தொடங்கிவிடும். ஜெயங்கொண்டத்து ஃபைல் பாதி வந்திருக்கும்போதே பெரம்பலூர் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அதை மாற்றி எல்லாவற்றையும் ஒரே ஷெட்யூலரின் கீழ் கொண்டுவரும் வேலை சென்ற ஆடியில் தொடங்கி ஐப்பசியில்தான் முடிந்தது. திட்டமிடும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதிவைப்பேன்: இது எதற்காகக் காத்திருக்கிறது? காத்திருந்தது வராவிட்டால் என்ன ஆகும்? எந்த நாட்களில் இது கிடையாது?

மூன்றாவது கேள்வியை நிலையப் பொறுப்பாளர்களிடம் கேட்டபோது கூட்டத்தில் சிரிப்புதான் வந்தது. தா.பழூர்க்காரர், "மாடு என்ன கவர்மெண்டு ஆபீஸா மேடம், லீவு வுட?" என்றார். தீபாவளிக்கும் பால் உண்டு, மழைக்கும் உண்டு, பந்த் அன்றைக்கும் உண்டு. காலண்டரில் எல்லா நாளையும் வேலை நாளாகக் குறித்தேன். வண்டிப் பிரிவினர் அதே கூட்டத்தில் ஒரு விதியைக் கேட்டு வாங்கினார்கள். சில சென்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிடுகின்றன; வண்டி வெறுமனே போய்த் திரும்புகிறது. ஆகவே ஒரு சென்டரிலிருந்து காலை, மாலை இரண்டு வேளையும் ஃபைல் வராவிட்டால், மறுநாள் காலை அங்கே வண்டி போகாது. நியாயமான விதிதான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கணவரின் ஊர் தா.பழூர் பக்கத்தில்; என் நாத்தனார் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். சென்ற ஆவணியில் எங்கள் கம்பெனியின் சென்டர் ஒன்றை அந்த ஊருக்கு வாங்கியிருந்தாள். அதில் என் சிபாரிசு எதுவும் இல்லை. விண்ணப்பித்த பிறகுதான் எனக்கே சொன்னாள். அவ்வூருக்கு ஏற்கெனவே வேறொரு கம்பெனியின் வேன் தினமும் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதில் ஊற்றிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசித் தன் பக்கம் இழுத்திருந்தாள். ஊரில் முக்கால்வாசி இப்போது அவளிடம்தான். அந்த வேன்காரன் இன்னும் தினமும் வருகிறான். அவள் சென்டருக்கு எதிரே நிறுத்தி, இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டு, சும்மா பார்த்துவிட்டுப் போவான். "ஒருநாளு நம்ம வண்டி வராம போச்சுன்னா போதும் அண்ணி, மொத்தமும் அவன் கேன்ல" என்று அவள் சொல்வதுண்டு.

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தோம். புது ஷெட்யூலர் பார்க்கும் முதல் பொங்கல் அது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லேப்டாப்பைத் துணிப்பைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தேன். என் கணவருக்கு அது தெரியும், தெரியாததுபோல இருந்தார். மாட்டுப் பொங்கலன்று காலை காபி ஆறுவதற்குள் மூன்று முறை போனைப் பார்த்துவிட்டேன். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் பச்சை. தா.பழூர் நிலையத்தில் மட்டும் ஆறு சென்டர்கள் மஞ்சளாக இருந்தன. மஞ்சள் என்றால் காத்திருக்கிறது என்று அர்த்தம். கரண்ட் போயிருக்கும், ஃபைல் தாமதமாக வரும் என்று நினைத்தேன். பத்து மணிக்கும் மஞ்சள். அந்த ஆறில் ஒன்று நாத்தனாருடையது. அதுதான் உறுத்தியது, அவள் ஒருநாளும் தாமதிப்பவள் அல்ல.

நடந்தே போனேன். சென்டரின் ஷட்டர் இறங்கியிருந்தது. அவள் வீட்டுக் கொல்லையில் மாடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கன்றுக்குட்டி அவிழ்த்துவிடப்பட்டு, தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை இழுத்துக் கட்டவில்லை.

"சென்டரு தெறக்கலையா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு யாரு அண்ணி பால் விப்பா?" என்றாள். "இன்னைக்குப் பூரா கண்ணுக்குட்டிக்குத்தான். மிச்சம் இருந்தா கேக்குறவங்களுக்குச் சும்மா குடுப்போம். காசுக்கு ஊத்துறதில்ல. எங்க பக்கம் அப்படித்தான்."

அந்த வழக்கத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் அண்டை வீட்டிலிருந்து அந்தச் சும்மாப் பாலை வாங்கி வந்ததுகூட உண்டு. ஆனாலும் கூட்டத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. இதே பக்கத்தில் பிறந்து வளர்ந்த தா.பழூர்க்காரருக்கும் வரவில்லை. லீவு என்று கேட்டால் அவர்களுக்கு இது லீவாகத் தோன்றாது. மாடு கறக்கிறது, பால் இருக்கிறது, விற்பதில்லை, அவ்வளவுதான். முன்பெல்லாம் வண்டி அன்றைக்கு வெறுமனே வந்து போயிருக்கும். மறுநாள் வழக்கம்போல வரும். யாருக்கும் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

நின்ற இடத்திலேயே கணக்குப் பார்த்தேன். காலை ஃபைல் இல்லை. மாலையும் இருக்கப்போவதில்லை. மாலை ஆறரை மணிக்கு வண்டிப் பட்டியல் போடும் ஜாப் ஓடும். ஆறு ஊருக்கும் நாளைக் காலை வண்டி கிடையாது. நாளை அத்தனை வீடும் பாலைக் கொண்டுவந்து ஊற்றி நிற்கும். வெயில் ஏறினால் பால் திரிந்துவிடும். எதிரே அந்த வேன் நின்றுகொண்டிருக்கும்.

அவளிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த வைக்கோல் பிரியை அப்படியே வாளிக்குள் போட்டுவிட்டாள்.

"ஏன் அண்ணி, நாளைக்குப் பாலுக்கு இன்னைக்குச் சாட்சி கேக்குதா உங்க மெஷினு?"

எளிய வழி ஒன்று இருந்தது. விதி கேட்பது ஃபைலை மட்டும்தான். அதில் எவ்வளவு பால் என்று பார்ப்பதில்லை. ஷட்டரைத் திறந்து, மெஷினைப் போட்டு, ஒவ்வொருவர் பேருக்கும் நேரே சைபர் போட்டு அனுப்பினால் போதும். இரண்டு நிமிஷ வேலை. அதைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"மாட்டுப் பொங்கலன்னைக்கு மாட்டுக்குச் சைபரு போடவா? கை வராது அண்ணி."

"வெறும் நம்பர்டி அது."

"உங்களுக்கு நம்பரு. பட்டி பெருகணும்னு சாயங்காலம் சாமி கும்பிடப் போறேன். காலையில ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அதோட அது பொய்யி. பால் இல்லன்னு யாரு சொன்னா? அதோ குடிக்கிது பாருங்க."

மற்ற ஐந்து சென்டர்களுக்கும் போன் போட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் மஞ்சுவிரட்டு பார்க்கப் போயிருந்தார். பின்னால் கேட்ட சத்தத்தில் நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. மற்ற மூவரும் இவள் சொன்னதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். ஒருவர் மரியாதையாக, "நாளைக்கு வேணும்னா ரெண்டு நாளைக்கும் சேத்து எழுதிடறேன் மேடம்" என்றார்.

எரிச்சலோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவள் சொன்னதை யோசித்தேன். இருபது வருஷமாக நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித் தரும் விஷயம் அது. சைபர் என்பது ஓர் அளவு. அளக்கவே இல்லை என்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பாவித்தால் எல்லாக் கணக்கும் கெடும். அந்தத் தவற்றைத்தான் நான் அவளைச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

இனி இருப்பது ஷெட்யூலரில் கைவைப்பதுதான். ஆனால் விதியைத் தாண்டி ஒரு வேலையைக் கையால் நடத்த ஒருவர் மட்டும் போதாது. இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியதே நான்தான். ஒப்புதல் தர வேண்டியவர் என் மேனேஜர். பெரம்பலூர் டவுன்காரர்; பண்டிகைக்கு மாமனார் வீட்டில், கோயம்புத்தூரில் இருந்தார்.

அவர் சாப்பிட்டு எழுந்த குரலில் பேசினார். முதலில் அவருக்குப் புரியவில்லை. ஃபைல் வரவில்லை என்றால் பால் இல்லை, பால் இல்லை என்றால் வண்டி எதற்கு என்றார். வழக்கத்தைச் சொன்னேன். "எங்க பக்கத்துல எல்லா ஃபைலும் வந்திருக்கே மேடம், எங்க ஊர்ல மாடு இல்லியா, பொங்கல் இல்லியா?" என்றார். ஆற்றுப் பக்கத்து ஆறு ஊர்களில் மட்டும் இப்படி என்றேன். எந்தெந்த ஊர் என்று கேட்டார். வரிசையாகப் படித்தேன். நாலாவது ஊர் வந்ததும், "இது என் நாத்தனார் சென்டரு சார்" என்றேன்.

"நீங்க அதைச் சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் ஓகே போட்டிருப்பேன்" என்றார்.

சொல்லாமல் இருக்க என்னால் முடியாது என்பது அவருக்குத் தெரியும். பிறகு யோசித்து, விதியை உடைத்தால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் கேட்பார்கள், விதிக்குள்ளேயே ஒரு வழி சொல்லுங்கள் என்றார். ஒன்று இருந்தது. அந்த ஆறு சென்டர்களுக்கும் இன்றைய நாளைக் காலண்டரிலிருந்து எடுத்துவிடலாம். அப்போது இன்று என்பது அவர்களுக்குக் கணக்கிலேயே வராது. ஷெட்யூலர் நேற்றைய ஃபைலைப் பார்த்து வண்டி போடும். ஆனால் அதில் ஒரு சிக்கல். அன்றன்றைய திட்டத்தை ஷெட்யூலர் விடியற்காலையில் ஒருமுறை ஏற்றிக்கொள்ளும். நடுவில் காலண்டரை மாற்றினால் மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றும் நேரத்தில் எந்த நிலையத்தில் வேலை ஓடிக்கொண்டிருந்தாலும் அது பாதியில் அறுந்துவிடும். அறுந்தால் அந்த நிலையத்தின் எல்லா ஊருக்கும் பட்டியல் கெடும்.

"ஆறுக்கும் சேத்து மாத்துங்க, இல்லன்னா ஒண்ணுக்கும் வேண்டாம்" என்று சொல்லி ஒப்புதலை அனுப்பினார். "வேற நிலையத்துல ஏதாவது அறுந்துச்சுன்னா, திங்கக்கிழமை நீங்கதான் பதில் சொல்லணும்."

மாலைக் கறவை முடிந்து அரியலூர் ஃபைல்கள் வந்து சேர்ந்தன. அரியலூர் வேலைகளும் தா.பழூரின் மற்ற சென்டர்களுடைய வேலைகளும் முடிந்தன. ஜெயங்கொண்டம்தான் முடியவில்லை. முந்திரிக் காட்டுப் பக்கத்து இரண்டு சென்டர்கள் பண்டிகை மெத்தனத்தில் தாமதமாக அனுப்பியிருந்தன. அந்த வேலை இழுத்துக்கொண்டே இருந்தது. நான் மாமியார் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். கொல்லையில் பட்டி கட்டி, பொங்கல் வைத்து, நாத்தனார் உட்பட எல்லோரும் கூடியிருந்தார்கள். என் கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"வரலையா?"

"ஜெயங்கொண்டம் முடியணும்."

"ஜெயங்கொண்டத்துல யாரு?"

"யாரும் இல்ல. ஜாப்பு."

அவர் போய்விட்டார். எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். இந்தத் தொழிலில் நான் வெறுப்பது இதைத்தான். செய்ய வேண்டியது ஒரே ஒரு சொடுக்கு. அதைச் சரியான நேரத்துக்கு முன் செய்தாலும் கேடு, பின் செய்தாலும் கேடு. நடுவில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கொல்லையில் "பொங்கலோ பொங்கல்" என்று சத்தம் எழுந்தபோது ஜெயங்கொண்டம் பச்சையானது. ஆறரைக்கு இன்னும் சொற்ப நேரம்தான். காலண்டரை மாற்றித் திட்டத்தை மறுபடி ஏற்றினேன். திரை ஒருமுறை முழுக்கச் சாம்பல் நிறமாகி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எதுவும் அறுந்துபோகவில்லை. பட்டியல் வந்ததும் ஆறு ஊரும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. கொல்லைக்குப் போய், நாத்தனாரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவள் ஒரு வாழையிலையில் பொங்கலை வைத்து என் கையில் கொடுத்து, மாட்டுக்கு என்னையே ஊட்டச் சொன்னாள்.

மறுநாள் காலை சென்டரில் அவளோடு நின்றேன். ஊரே பாலைக் கொண்டுவந்து ஊற்றியது. கேன்கள் நிரம்பி வரிசையாக நின்றன. எங்கள் வண்டி ஆறே முக்காலுக்கு வரும். ஆறே முக்கால் ஆனது. வரவில்லை. எதிரே அந்த வேன் வந்து நின்று இரண்டு தரம் ஹாரன் அடித்தது.

போனில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஆறு ஊரும் இருந்தன. ஆனால் வரிசையின் கடைசியில் இருந்தன. மறுபடி ஏற்றியதால் புதிதாகச் சேர்ந்தவைபோல் வாலில் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நேற்று இருக்கிறதா என்று பார்த்தேனே ஒழிய, எத்தனையாவது என்று பார்க்கவில்லை.

"வண்டி வரும். கடைசியா வரும்" என்று அவளிடம் சொன்னேன். "எவ்ளோ கடைசியா?" என்றாள். போனில் டிரைவரின் நம்பரைத் தேட ஆரம்பித்தேன்.

தூக்குவாளியோடு நின்ற ஒரு பெரியவர், "என்னடி, உங்க வண்டி நேத்துத் தின்ன பொங்கல்ல தூங்கிடுச்சா?" என்றார்.

"தூங்கல மாமா. கரும்பு கடிச்சு பல்லு வலியாம்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை; ஒரு கேனின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடினாள்.

தாமதமாகப் பாலைக் கொண்டுவந்த சிலர் அவளைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். நாலு வீடு. ஒரு பெண் போகும்போது, "கோச்சுக்காதக்கா, திரிஞ்சிடும்" என்றாள். நாத்தனார், "போ, போ, பாலைக் கெடுக்காத" என்றாள். வேன்காரன் அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுக்காத குறையாக உபசரித்தான்.

வெயில் சுவரில் இறங்கி வந்த பிறகுதான் எங்கள் வண்டி வந்தது. டிரைவர் இறங்கி, ஒவ்வொரு கேனாகத் திறந்து முகர்ந்தான். நாத்தனார் அவன் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிக் கேனில் இரண்டு முறை குனிந்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் தூக்கி ஏற்றினான்.

பிற்பகலில் அவள், "வாங்க, ஒரு நட போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டாள். எதிர்ப்பக்கம் போன நாலு வீட்டுக்கும் போனோம். எங்கேயும் அவள் சண்டை போடவில்லை. கன்றுக்குட்டியை விசாரித்தாள், கரும்பு கொடுத்தாள், நாளைக்கு வந்துவிடச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். மூன்று வீட்டில் சரி என்றார்கள். நாலாவது வீடு, கோச்சுக்காதக்கா என்ற அந்தப் பெண்ணின் வீடு. அவள் எழுந்துவரவில்லை, முற்றத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"நாளைக்கு உங்க வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக எவ்வளவோ வேலைகளுக்கு நேரம் குறித்திருக்கிறேன். கேட்டவர் முகத்தைப் பார்த்து ஒரு நேரத்தைச் சொல்ல வேண்டி வந்ததில்லை. காலையிலேயே வரிசையைச் சரிசெய்துவிட்டேன், இரண்டு தரம் சரிபார்த்துவிட்டேன், டிரைவரிடமும் பேசிவிட்டேன்.

"ஆறே முக்காலுக்கு" என்றேன்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாப்போம்" என்றாள்.